மூன்றாம் வளைவில் ஒரு சத்தம்

கார்குழலி ‘கடல் நாக’த்தில் முதன்முதலாக ஏறியபோது வண்டியில் இரண்டே பேர்தான். முன் பெட்டியில் அவள், பக்கத்தில் சுஃபியான். மற்ற இருக்கைகளெல்லாம் கடல் காற்றில் ஈரம் படிந்து காலியாகக் கிடந்தன.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் கடலோரச் சாலையில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு வெற்று மணல் திடல். கிறிஸ்துமஸ் நெருங்கியபோது அங்கே பொருட்காட்சி வந்து இறங்கியிருந்தது. ராட்சத ராட்டினத்துக்கும் மரணக் கிணற்றுக்கும் கூட்டம் இருந்தது. டெல்லி அப்பளக் கடையில்கூடக் கூட்டம்தான். கடலைப் பார்த்தபடி மூலையில் நின்ற ‘கடல் நாகம்’ என்ற நீலநிற ரோலர் கோஸ்டரை மட்டும் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

குழலி பார்த்தாள். ஆளில்லாத கோஸ்டர் கண்ணில் பட்டால் அவளால் சும்மா தாண்டிப் போக முடியாது. அவளும் சுஃபியானும் ஒரே கன்டெய்னர் யார்டில் வேலை. அவள் கேட் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால், அவன் ஃபோர்க்லிஃப்ட் மேல். லீவு கிடைத்தால் இருவரும் எங்காவது ஒரு கோஸ்டரைத் தேடிப் போவார்கள். ‘ஏறு மாமு’ என்று யூட்யூப்பில் ஒரு சேனல் வைத்திருந்தார்கள். தெற்கே பெரிய பார்க்குகளில் இருக்கும் பெரிய கோஸ்டர்களைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்பது குழலியின் கட்சி. அவள் பேசியதெல்லாம் யாரும் சீண்டாதவற்றைப் பற்றித்தான். மலையூர்ப் பார்க் ஒன்றில் பாசி பிடித்துக் கிடந்த சுரங்க ரயில், நொடித்துப்போன ரிசார்ட்டின் மாந்தோப்புக்குள் கிளைகளை உரசிக்கொண்டு ஓடும் குட்டி வண்டி, ஆந்திர எல்லையில் குழந்தைகளுக்கென்று கட்டி பெரியவர்களையும் அலற வைக்கும் ஒன்று. பார்ப்பவர்கள் சில நூறு பேர். அவர்களிலும் பாதிப் பேர் யார்டில் வேலை செய்பவர்கள்.

வண்டி சங்கிலியில் கடகடவென்று ஏறியது. உச்சியில் எதிரே வடக்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன, வலப்பக்கம் கடல். முதல் இறக்கம் சுமார்தான். இரண்டாம் வளைவில் சுஃபியான் கொட்டாவி விட்டான். மூன்றாவது வளைவில் தண்டவாளம் கடல் பக்கமாகச் சாய்ந்து, யாரோ தரையை உருவிக்கொண்டது போலச் சட்டென்று கீழே போனது. குழலியின் உடம்பு இருக்கையை விட்டு எழும்பியது. மடிமேல் இருந்த கம்பி மட்டும்தான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது. முன்னால் தண்டவாளமே தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. அப்போது அடியிலிருந்து, பிசகிய எலும்பை வைத்தியர் இழுத்து உட்கார வைத்தது போல, ‘டக்’கென்று ஒரு சத்தம் வந்தது. வண்டி திரும்பிவிட்டது.

“யம்மா!” என்றான் சுஃபியான். அவன் கொட்டாவி பறந்துவிட்டிருந்தது. “இன்னா குழலி இது? உயிரு ஒரு நிமிசம் வெளிய போயிட்டு வந்துச்சு.”

“இத்த ஏண்டா ஒருத்தனும் சொல்லல?” என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “நம்ம ஏரியாலயே கீது. நாம இன்னாடான்னா பஸ் புடிச்சு ஊர் ஊரா அலைஞ்சுகினு கீறோம்.”

மறுபடி ஏறினார்கள். பிறகு மறுபடியும். பிரேக் கைப்பிடியைப் பிடித்து வண்டியை நிறுத்தியவர் இன்னாசி. ராயபுரத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். முன்பு விசைப்படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். முதுகு போன பிறகு கிடைத்த வேலைக்குப் போகிறார். பொருட்காட்சிக்காரர்கள் உள்ளூரில் பிடித்த ஆள்.

“அண்ணே, மூணாவது வளைவுல இன்னாவோ சத்தம் வருதே?” என்று குழலி கேட்டாள்.

“வரும்மா. நட்ட நாள்லேர்ந்து வந்துகினுதான் கீது. மணல் தரை பாரு.” இன்னாசி கைப்பிடியைத் துணியால் துடைத்தார். வளைவின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “எறங்கறியா, இன்னொரு தபா போறியா?”

அந்தச் சத்தத்தைத்தான் குழலி தன் வீடியோவின் உயிராக வைத்தாள். திடலில் நின்று, தலைமுடி காற்றில் பறக்க, கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: “வட சென்னைல இன்னா கீதுன்னு கேக்கறவங்கல்லாம் வந்து இதுல ஏறுங்க. உங்க பெரிய பார்க்கு கோஸ்டரு எதுவும் இதாண்ட நிக்காது. மூணாவது வளைவுல ‘டக்’குனு ஒரு சத்தம் வரும். வந்தவுடனே ரெண்டு கையும் மேல தூக்கிடு. அதான் மேட்டரு!”

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். தன் ஏரியாவின் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் ஒரு நொடி மாறுவதைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பார்த்து வந்தவள். தன் ஊரில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது என்று உலகத்தைப் பார்த்துச் சொல்லக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. அந்தச் சந்தோஷம் அவள் குரலில் இருந்தது. அதனால்தானோ என்னவோ, அந்த வீடியோ பற்றிக்கொண்டது.

புத்தாண்டுக்கு முன்பே திடல் நிரம்பிவிட்டது. தாம்பரத்திலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் பைக்கில் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ‘கடல் நாக’த்துக்கு நின்ற வரிசை மரணக் கிணற்றைச் சுற்றிக்கொண்டு சாலை வரை போனது. வண்டி மூன்றாவது வளைவை நெருங்கும்போது கீழே நின்றவர்களும் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். “டக்!” என்று ஒரே குரலில். மேலே அத்தனை கைகளும் உயரும்.

பொருட்காட்சி முதலாளி வரதன் திண்டிவனம் பக்கத்துக்காரர், வெள்ளை வேட்டியில் எப்போதும் ஒரு மடிப்புக் கலையாதவர். குழலியைத் தேடி வந்து கும்பிடு போட்டார். “உன் வாய் முகூர்த்தம்மா! இந்த மிஷினை அடுத்த ஊருக்குத் தூக்கறதா வேணாமான்னு இருந்தேன்.” வளைவின் மேல் விளக்கு வைத்து ‘டக் வளைவு’ என்று போர்டு மாட்டினார். குடோனில் கிடந்த இரண்டு பெட்டிகளைத் தட்டிக்கொட்டி வண்டியின் வாலில் கோர்த்தார். மூன்று பெட்டி ஐந்தானது.

பெட்டிகள் கூடிய பிறகு சத்தமும் கூடியது. குழலிக்கு அது முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை இன்னாசியின் மனைவி ஃப்ளோரன்ஸ் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சில்வியாவுக்குப் பத்து வயது இருக்கும். இரட்டைச் சடையில் ரிப்பன் கட்டி, அப்பாவின் வண்டியில் ஏறப்போகிற மிடுக்கோடு படியேறி வந்தாள். குழலி வரிசையின் முன்னால் நின்றிருந்தாள்.

“நீ எறங்கு. ராட்டினத்துல போ,” என்றார் இன்னாசி.

“இதுலதாம்பா போவேன். கிளாஸ்ல எல்லாரும் போய்ட்டாங்க.”

“எறங்குன்றேன்ல!”

அந்தக் குரலில் மேடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளையின் உதடு பிதுங்கியது. ஃப்ளோரன்ஸ் மகளின் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். இன்னாசி வரிசையில் நின்ற வேறு யாருடைய பிள்ளைகளோ இருவரை ஏற்றி, கம்பியை இறக்கி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, வண்டியை அனுப்பினார். குழலியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

வண்டி வளைவுக்குப் போனது. கூட்டம் “டக்!” என்று கத்தியது. குழலி அன்று கத்தவில்லை. அதனால் அவளுக்கு அது கேட்டது. ஒரு சத்தம் இல்லை, இரண்டு. டக். அதன் வாலைப் பிடித்தாற்போல இன்னொரு டக்.

வீட்டுக்குப் போய்ப் பழைய வீடியோவை ஹெட்போனில் போட்டுக் கேட்டாள். அதில் ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் மதியம், பொருட்காட்சி திறப்பதற்கு முன், சுஃபியானை இழுத்துக்கொண்டு திடலுக்குப் போனாள். மணலில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. காவலாள் அவளைப் பார்த்துச் சலாம் வைத்து உள்ளே விட்டான். மூன்றாம் வளைவின் அடியில் இருவரும் குனிந்து போனார்கள். நீலப் பெயிண்டுக்கு அடியில் துரு கொப்பளம் கொப்பளமாக எழும்பியிருந்தது. தண்டவாளத்தைத் தாங்கும் இரும்புக் கால்கள் ஒவ்வொன்றும் மணலில் போட்ட மரக்கட்டைகள் மேல் நின்றன.

நின்றனவா? குழலி மண்டியிட்டாள். வளைவின் நடுக்காலுக்கும் அதன் கீழிருந்த கட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. உள்ளங்கையைத் தட்டையாக வைத்து உள்ளே நுழைத்தாள். தடையில்லாமல் போனது. அவள் கைக்கு மேல் அத்தனை பெரிய இரும்பு, எதன் மேலும் நிற்காமல், அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏய், கைய எடு!” என்று அலறினான் சுஃபியான். “மெண்டலா நீ? எடு கைய!”

எடுத்தாள். உள்ளங்கையில் துருப்பொடி ஒட்டியிருந்தது. அடுத்த காலுக்கடியிலும் பார்த்தாள். அங்கே கட்டை நசுங்கி நார்நாராகப் பிரிந்திருந்தது. அங்கும் ஒரு விரல் நுழையும் இடைவெளி.

அவளுக்கு இன்ஜினீயரிங் தெரியாது. ஆனால் இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வண்டி மேலே வரும்போதெல்லாம் அதன் பாரத்தில் அந்தக் கால் கீழே இறங்கிக் கட்டையில் இடிக்கிறது. அதுதான் டக். முதல் வீடியோ எடுத்த அன்று ஒரு கால். இப்போது இரண்டு.

“நான் அந்த சத்தத்துக்குக் கையத் தூக்கச் சொன்னேன்டா,” என்றாள்.

சுஃபியான் கர்ச்சீஃப்பை எடுத்து அவள் கையைத் துடைத்துவிட்டான்.

வரதன் தன் கூடாரத்தில் மீன் குழம்புச் சாப்பாட்டின் முன் உட்கார்ந்திருந்தார். பொறுமையாகக் கேட்டார். “சர்டிபிகேட் இருக்கும்மா. ஆள் வந்து பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்க.”

“அவங்க பாத்தப்ப பொட்டி மூணுதானே சார் இருந்துச்சு? கீழ காலு நிக்கவே இல்ல சார். வந்து பாருங்க.”

“மணல் தரையில அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் ஆடணும். ஆடாம விறைப்பா நின்னாத்தான் முறியும்.”

“ஒரு கட்டைய எடுத்து அண்டக் குடுத்தா போதும் சார். இன்னாசி அண்ணனே செய்வாரு.”

வரதன் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார். “அவனும் இதையேதான் கேட்டான். வேணாம்னுட்டேன். கட்டை குடுத்தா சத்தம் நின்னுபோயிடும். சத்தம் நின்னா நாளைக்கு எவன் வருவான்?” அவர் குரலில் கோபம் இல்லை, ஒரு சின்னப்பிள்ளைக்கு விளக்குவது போலத்தான் பேசினார். “சனத்துக்கு அதைச் சொல்லிக்குடுத்தது நானாம்மா? நீதானே?”

அன்று மாலையே குழலி இன்னொரு வீடியோ போட்டாள். தலைவாராமல், சிரிக்காமல், வீட்டுச் சுவரின் முன் உட்கார்ந்து பேசினாள். காலுக்கடியில் எடுத்த படத்தைக் காட்டினாள். “நான் சொன்னது தப்பு. தயவுசெஞ்சு யாரும் ஏறாதீங்க. அந்தச் சத்தம் ஷோக்கான சத்தம் இல்ல. அது ஒடையற சத்தம்.”

முதல் வீடியோவைவிட இது வேகமாகப் பரவியது. கீழே வந்து விழுந்த பதில்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். ‘யக்கா செம்ம பில்டப்பு.’ ‘ஒடையறதுக்குள்ள ஒரு ரவுண்டு போயிடணும் மச்சி.’ ‘காணும் பொங்கலுக்கு மொத்த கேங்கும் அங்கதான்.’ ஏறாதே என்று சொன்னது, ஏறு என்று சொன்னதைவிட அதிகம் பேரைக் கூப்பிட்டுவிட்டது.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். மனுவை வாங்கிக்கொண்டார்கள். காணும் பொங்கல் பந்தோபஸ்துக்கு எல்லோரும் கடற்கரைக்குப் போகிறார்கள், பண்டிகை முடிந்து வந்து பார்க்கிறோம் என்றார்கள். அரசு அலுவலகங்கள் எல்லாம் பொங்கல் விடுமுறையில் பூட்டியிருந்தன. அவள் போன் செய்த இடங்களிலெல்லாம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

காணும் பொங்கல் அன்று பிற்பகலிலேயே சாலை அடைத்துவிட்டது. காசிமேட்டிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக, புளிச்சோறும் வடையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். கடல் அன்று கலங்கி, சாம்பல் நிறத்தில் இருந்தது. காற்று பலமாக வீசியது. குழலியும் சுஃபியானும் எல்லோருக்கும் முன்னால் வரிசையில் நின்று, முதல் சவாரிக்கே முன் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். இன்னாசி கம்பியை இறக்க வந்தபோது குழலி அதை இரண்டு கையாலும் மேலே பிடித்துக்கொண்டாள்.

“எறக்க வுட மாட்டேண்ணே.”

கம்பி பூட்டாமல் வண்டி கிளம்பாது. இன்னாசி அவளைப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் அவள் கண்ணைப் பார்த்தது அப்போதுதான். கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

வரிசை முதலில் சிரித்தது. பிறகு கூச்சல் போட்டது. “யக்கா, நவுரு! காலைலேர்ந்து நின்னுகினு கீறோம்!” “பிரபலம் ஆவறதுக்கு டிராமா போடுது!” ஒரு தண்ணீர் பாட்டில் வந்து அவள் தோளில் பட்டது. இரண்டு பேர் மேடையேறி அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். சுஃபியான் குறுக்கே எழுந்தான். அவன் சட்டைப் பித்தான்கள் தெறித்தன. வரதன் ஓடி வந்தார். வேட்டியின் மடிப்பு கலைந்திருந்தது.

“இழுத்து வெளிய போடுடா! இன்னாசி, என்ன பார்த்துக்கிட்டு நிக்கற?”

இன்னாசி மைக்கை எடுத்தார். அவர் குரல் திடல் முழுக்கக் கேட்டது. “இந்தாப்பா, சண்ட வோணாம். ஆளில்லாம ஒரு ரவுண்டு வுட்டுக் காட்டறோம். நல்லா போச்சுன்னா அந்தப் பொண்ணு எறங்கிக்கும். இன்னா சொல்றீங்க?”

கூட்டம் கைதட்டியது. வரதனுக்கும் அது நல்ல யோசனையாகத் தோன்றியது. குழலி தயங்கினாள். “எறங்குமா,” என்றார் இன்னாசி மெல்ல. “எறங்கு, சொல்றேன்.” அவள் இறங்கினாள்.

காலி வண்டி ஏறி, இறங்கி, மூன்றாம் வளைவில் வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தது. சத்தமே வரவில்லை. முதல் நாள் இரண்டே பேரின் பாரத்துக்கு இடித்த கால், இடைவெளி அகன்றுவிட்டதால் இப்போது காலி வண்டிக்குக் கட்டை வரை இறங்கவில்லை. கூட்டம் அதை ரசிக்கவில்லை. “டக்கு எங்கய்யா?” என்று கத்தியது. “ஏமாத்து வேலை!”

“காலியாப் போனா வராதுப்பா,” என்று வரதன் பதறி மைக்கைப் பிடுங்கினார். “ஆள் வெயிட் ஏறினாத்தான் வரும்!”

“அப்ப ஆளு வெயிட்ட ஏத்தி வுடுவோம்,” என்றார் இன்னாசி. “வாட்டர் கேன வெச்சு.”

அதற்குப் பிறகு வரதனால் கூட்டத்தை நிறுத்த முடியவில்லை. அவர்களுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. தண்ணீர்க் கடைகளிலிருந்தும் சாப்பாட்டுக் கூடாரத்திலிருந்தும் பெரிய பெரிய வாட்டர் கேன்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இருக்கைக்கு இரண்டாக வைத்தார்கள். கம்பியை இறக்கினார்கள், கயிற்றால் கட்டினார்கள். ஒருவன் தன் தொப்பியைக் கழற்றி ஒரு கேனுக்குப் போட்டான். இன்னொருவன் துண்டைச் சுற்றி, “எங்க மாமனாரு, பத்திரமா இட்டுகினு வா,” என்றான். ஐந்து பெட்டியும் நிறைந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் குண்டு மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

இன்னாசி வரதனைப் பார்த்துக் கையை விரித்தார். “நீங்களே வுடுங்க மொதலாளி. நான் இத்தத் தொட மாட்டேன்.” சொல்லிவிட்டு ஒரு கயிற்றுச் சுருளை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி மூன்றாம் வளைவை நோக்கி நடந்தார். சுஃபியானும் பின்னால் ஓடினான். வளைவைச் சுற்றிக் கயிறு கட்டி, செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களை இருவரும் பின்னால் தள்ளினார்கள். “பின்னாடி போ நைனா! பின்னாடி போ!”

வரதன் பொத்தானை அழுத்தினார்.

சங்கிலியில் ஏறும்போதே மோட்டார் முனகியது. குழலி மேடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் நினைத்தது தவறாக இருக்கட்டும், எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று அவள் மனம் கெஞ்சியது. வண்டி உச்சியைத் தாண்டியது. முதல் இறக்கம். இரண்டாம் வளைவு. திடல் முழுக்கக் கைகள் உயர்ந்தன, பிள்ளைகளைத் தோளில் வைத்திருந்தவர்களின் கைகள்கூட. எல்லா வாய்களும் ஒரே சொல்லுக்காகத் திறந்திருந்தன.

சத்தம் வரவில்லை.

கால் கட்டையில் இடிக்கவில்லை, அதை விட்டே நழுவிவிட்டது என்பது குழலிக்குப் புரியும் முன்பே தண்டவாளம் கடல் பக்கமாக மெல்ல, மிக மெல்ல, படுக்கப்போகிறவன் போலச் சாய்ந்தது. முன் பெட்டி வானத்தில் நேராகப் போயிற்று. மற்றவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பின்னால் போயின. கேன்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்தன. பிறகு எல்லாம் சேர்ந்து மணலில் இறங்கியது. தரை அதிர்ந்து மேடை ஆடியது. வெடித்த கேன்களின் தண்ணீர் எழும்பி மழை போலக் கூட்டத்தின் மேல் விழுந்தது.

உயர்த்திய கைகளைக் கீழே இறக்கவே பலருக்குத் தோன்றவில்லை. மேடையில் அடுத்த சவாரிக்காக நின்றிருந்த ஒருத்தி, தன் இரண்டு பிள்ளைகளையும் இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். பிறகுதான் வளைவின் அடியிலிருந்து சுஃபியானின் குரல் கேட்டது. “குழலி! அண்ணன் மாட்டிகினாரு! ஓடியா!”

கயிற்றுக்கு அடியில் புகுந்து படம் எடுக்கப் போன ஒருவனை இன்னாசி பிடித்து வெளியே தள்ளியபோது, சாய்ந்த இரும்புக் கால் அவருடைய வலது காலின் மேல் இறங்கியிருந்தது. குழலியை ஏசியவர்களும், பாட்டில் எறிந்தவர்களும், சுஃபியானின் சட்டையைக் கிழித்தவர்களும் ஓடிவந்து தோள் கொடுத்து அந்த இரும்பைத் தூக்கினார்கள். இன்னாசிக்கு நினைவு இருந்தது. நனைந்த மணலில் கிடந்தபடி, “வேற யாராச்சும்? வேற யாராச்சும் கீறாங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேறு யாரும் இல்லை.

முழங்காலுக்குக் கீழே காப்பாற்ற முடியவில்லை. அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃப்ளோரன்ஸ் ஜபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழலி அருகே போய் நின்றபோது நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ மொதல்ல அந்த வீடியோ போடாம இருந்திருந்தா?” என்று கேட்டாள். திட்டுவது போல இல்லை. மெய்யாகவே பதில் தெரிய வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

குழலி யோசித்துப் பார்த்தாள். போட்டிருக்காவிட்டால் அந்த வண்டி ஆளில்லாமல் ஓடி, வேறு ஊருக்குப் போயிருக்கும். அங்கே என்ன ஆகியிருக்கும்?

“தெர்லக்கா,” என்றாள்.

ஃப்ளோரன்ஸ் அவளைப் போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. ஜபமாலையை மடியில் வைத்துவிட்டு, “உள்ள போய்ப் பாரு. உன்னத்தான் கேட்டுகினு இருந்தாரு,” என்றாள்.

இன்னாசியின் முகம் வெளுத்திருந்தது. போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. “நானும் தெரிஞ்சுகினேதான் வுட்டேன்மா,” என்றார். “தெனம் சனத்த ஏத்தி, கம்பிய இஸ்துப் பாத்து, வுட்டேன். எம்பொண்ண மட்டும் எறக்கினேன்.” குழலி அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவர் தூங்கும் வரை பக்கத்தில் இருந்தாள்.

வரதனைப் பிடித்தார்கள், கொஞ்ச நாளில் ஜாமீனில் வெளியே வந்தார். குழலி தன் முதல் வீடியோவை எடுத்துவிட்டாள். ஆனால் அது யார் யார் பக்கத்திலோ ஓடிக்கொண்டேதான் இருந்தது. தண்டவாளம் சாய்ந்த காட்சியை அதோடு ஒட்டி, பாட்டுப் போட்டு விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் திடலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சீல் வைத்த கயிற்றைத் தாண்டி, பாதி சாய்ந்து தொங்கும் வளைவின் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். காற்றடிக்கும்போது அந்த இரும்பு முனகும். வேலை முடிந்து வரும் வழியில் குழலியும் சுஃபியானும் அங்கே இறங்கி அவர்களை விரட்டுவார்கள். சிலர் போவார்கள். சிலர் அவளை அடையாளம் கண்டுகொண்டு அவளோடும் ஒரு படம் கேட்பார்கள்.

பங்குனி பிறந்த பிறகுதான் அதை அறுக்க உத்தரவு வந்தது. கேஸ் சிலிண்டரும் முகமூடியுமாக வெல்டிங் ஆட்கள் வந்து இறங்கிய அன்று குழலி அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். அவர்களில் ஒருவன் அவளைப் பார்த்ததும் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தான்.

“யக்கா, நீதானே அந்த வீடியோ அக்கா? டக்கு வளைவு இதானே? அறுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்துக் குடுக்கா.” தன் போனை அவள் கையில் திணித்துவிட்டு, தொங்கும் தண்டவாளத்தின் நேர் கீழே போய் நின்றான்.

“அங்க நிக்காத நைனா,” என்றாள் குழலி. “இந்தாண்ட வா.”

அவன் சிரித்துக்கொண்டே ஓர் எட்டு நகர்ந்தான்.

“இன்னும் வா.”

“படத்துல வளைவு தெரியணுமேக்கா!”

அவள் போனைத் தூக்கவில்லை. காற்று எழும்பி மேலே இரும்பு முனகியது. அவன் ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். அவன் முகத்திலிருந்து சிரிப்பு போவதையும், கால்கள் வேகமாக அவளை நோக்கி நடந்து வருவதையும் பார்த்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள்.